நீலப்பெட்டியும் ஆரஞ்சுப்பெட்டியும்

அறந்தாங்கி
3.3.2024

அன்புள்ள மாப்பிள்ளை சாதிக் பாட்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மஜீது எழுதுகிறேன். இங்கே நானும் என் தங்கை இர்ஃபானாவும் சுகம். ஷார்ஜாவில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, அல்லது பாட்டிலைத் திறக்காமலே வைத்திருக்கிறீர்களா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

முன்பு லீவில் வந்திருந்தபோது நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். மடக்கினால் ஆளாக மாறும் விமான பொம்மைகளில் முதலாவதை நீங்கள் வாங்கி வந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தவர்கள், விமானத்தை மடக்கி ஆளாக்கிவிட்டோம். அதை மறுபடி விமானமாக்கத் தெரியாமல் சாயங்கால அஸர் பாங்கு வரை முழித்தோம். பிரியாணி ஆறிப்போனது. "ஒருத்தர் கணக்கு வாத்தியாரு, ஒருத்தர் ஏசிக்குத் தகரம் மடக்கிச் சம்பாதிக்கிறவரு. ரெண்டு பேரும் சேந்து ஒரு பொம்மைகிட்டத் தோத்துட்டீங்களே" என்று இர்ஃபானா சிரித்தாள். அப்போது கேட்டீர்கள்: "மச்சான், இது விமானமா இருந்து ஆளாகுதா, ஆளா இருந்து விமானமாகுதா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது அலமாரி நிறைந்துவிட்டது. பாதிப் பதில் தெரிகிறது. பெட்டி மேல் இருக்கும் எழுத்து நமக்கு வாசிக்கத் தெரியாததால் நாம் நிறத்தை வைத்துப் பேர் வைத்தோம் அல்லவா? அந்த நீலப்பெட்டிக் கம்பெனிக்காரன் முதலில் விமானத்தைச் செய்கிறான். இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவே தலைமுடி நுழையாது. ஆனால் ஆளாக்கினால் கால் ஒல்லி, முதுகில் மூட்டை. வால் துண்டைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். ஆரஞ்சுப்பெட்டிக்காரன் முதலில் ஆளைச் செய்கிறான். உறுதியாக நிற்கிறான். விமானமாக்கிக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மடக்கிய கையும் மோவாயும் தெரிகிறது. ஆனால் ஒரு துண்டு கூட வெளியே மிஞ்சாது. வகுப்பில் வழிமுறை அழகாக எழுதி விடையைத் தப்பாகப் போடும் பையனும், கிறுக்கலாக எழுதி விடையைச் சரியாகப் போடும் பையனும் இருப்பார்களே, அப்படி.

என் மதிப்பெண் நீலத்துக்கு 84, ஆரஞ்சுக்கு 71. உங்கள் மதிப்பெண்ணை அனுப்புங்கள். விதி மாறாது: நீங்கள் அங்கே ஆளாக மாற்றி அனுப்ப வேண்டும், நான் இங்கே படத்தாள் பார்க்காமல் விமானமாக்க வேண்டும்.

போனில் இதெல்லாம் பேச முடிவதில்லை. இர்ஃபானா பேசி முடிப்பதற்குள் உங்கள் இடைவேளை முடிந்துவிடுகிறது. யாராவது ஊருக்கு வரும்போதும் போகும்போதும் பெட்டியோடு கடிதம் என்பதுதான் நமக்குச் சரி. ஹஜ் பெருநாளுக்கு ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொன்னீர்கள். அலமாரியில் ஒரு தட்டைக் காலியாக விட்டிருக்கிறேன்.

துஆவுடன்,
அப்துல் மஜீது

•

ஷார்ஜா
27.3.2024

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. முதுகு பரவாயில்லை. தைலம் பாதி காலி. மீதியை ரூமில் உள்ளவர்கள் காலி செய்தார்கள்.

மதிப்பெண்ணில் நீங்கள் ஆரஞ்சுக்குத் துரோகம் செய்துவிட்டீர்கள். எனக்கு நீலம் 75, ஆரஞ்சு 80. ஏன் என்று சொல்கிறேன். ஆரஞ்சின் தோள் மூட்டில் வலது கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். கடக் கடக் என்று இரண்டு சத்தம் வரும். முதல் சத்தத்தில் கை விலகுகிறது, இரண்டாவதில் பூட்டுகிறது. நீலத்தில் சத்தமே இல்லை. இறுக்கம்தான். நான் தகரம் மடக்குகிறவன் மச்சான். மடிப்பு சரியா என்று கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஒர்க் ஷாப்பில் புதிதாக வரும் பையன்களிடம் மடிப்பைத் தடவிப் பார்க்கத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

ஹஜ் பெருநாளுக்கு நிச்சயம். வேலையை விடுவதாக முடிவாக எழுதிக்கொடுத்துவிட்டேன். பெருநாள் அன்று வழக்கம்போல் சஹன் வைக்கச் சொல்லுங்கள். நாலு பேர் ஒரே தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலம் ஆகிறது. இங்கே ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா. இர்ஃபானாவிடம் சொல்லுங்கள், கறியை நான்தான் பிய்த்து வைப்பேன், அவள் குறை சொல்லக்கூடாது.

என்றும் அன்புடன்,
சாதிக் பாட்சா

•

அறந்தாங்கி
2.7.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். மே மாதம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். பதில் இல்லை. ஒரேயடியாக வருவதாகச் சொன்னவர், கம்பெனி லீவு கூடத் தரவில்லை என்று போனில் சொன்னீர்கள். சரி. ஆனால் பெருநாள் போய்விட்டது.

சஹன் வைத்தோம். நான், பக்கத்து வீட்டு இருவர், நாலாவது இடம் காலி. இர்ஃபானா கறியைப் பிய்த்துவிட்டு, "இவரு வந்திருந்தா இதுல பாதி எலும்புதான் கெடந்திருக்கும்" என்றாள்.

அவள் உங்களிடம் கேட்க மாட்டாள். நான் கேட்கிறேன். எப்போது வருகிறீர்கள்? வரமுடியாது என்றால் அதையாவது எழுதுங்கள். விடை தெரியாத பிள்ளை "தெரியாது சார்" என்று சொன்னால் நான் அடித்ததில்லை. வெறும் தாளைக் கொடுப்பவனைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியாது.

மஜீது

•

ஷார்ஜா
25.8.2024

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். நலம். நீங்களும் வீட்டிலும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இது அச்சில் இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். இப்போது பேசினால் போனே எழுதித் தருகிறது. பக்கத்துக் கடையில் அச்செடுத்தேன். வசதியாக இருக்கிறது.

நீலப்பெட்டியின் புது விமானம் அனுப்பியிருக்கிறேன். திறக்கவில்லை. திறக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு என்று இங்கே சேகரிக்கிறவர்கள் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே வையுங்கள். லீவு பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

சாதிக் பாட்சா

•

அறந்தாங்கி
19.9.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஸலாம். வீட்டில் சுகம்தான். உங்கள் உடம்பு எப்படி என்று இம்முறையும் நீங்கள் எழுதவில்லை.

பெட்டி வந்தது. சீல் உடையாமல் இருந்தது. உள்ளே விமானம் கம்பியில் கட்டிக் கிடக்கிறது. மாப்பிள்ளை, திறக்காத பெட்டிக்கு மதிப்பு என்றால், அதை மளிகைக் கடைக்காரன் கூட வைத்திருப்பான். நாம் எப்போது அப்படி ஆனோம்? உங்கள் விரல் பட்டு ஆளாக வரும் விமானத்தைத்தான் நான் இத்தனை நாள் வாங்கிக்கொண்டிருந்தேன். எந்த மடிப்பில் நீங்கள் தடுமாறினீர்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே லேசாக வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டைத் தேடுவதுதான் என் பாதி வேலை. இதில் தேட ஒன்றும் இல்லை.

ஒரு பக்கத்துக்குத் தோள் மூட்டைப் பற்றி எழுதியவர் ஏழு வரியில் முடித்துவிட்டீர்கள். ஆசை தீர்ந்துபோனால் சொல்லிவிடுங்கள். பொம்மையில்தான் தீர்ந்ததா, வீட்டிலும் தீர்ந்ததா என்று கேட்கத் தோன்றியது. எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்க மனமில்லை.

மஜீது

•

ஷார்ஜா
10.11.2024

மச்சான் அவர்களுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். ஆசை தீரவில்லை. எதிலும் தீரவில்லை.

ஆரஞ்சுப்பெட்டியின் புதியது வந்திருக்கிறது. இரண்டு வாங்கினேன். ஒன்று என் கட்டிலுக்குப் பக்கத்தில் விமானமாக இருக்கிறது. இன்னொன்றை விதிப்படி ஆளாக மாற்றி அனுப்புகிறேன். எப்படியோ மாறிவிட்டது. என்னோடு வேலை செய்யும் வசந்தகுமார் கொண்டுவருகிறார். கந்தர்வக்கோட்டை ஆள். அவரிடம் அதிகம் கேட்க வேண்டாம், கூச்ச சுபாவம்.

இர்ஃபானாவைத் தைலம் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதுகு வலிப்பதே இல்லை.

சாதிக் பாட்சா

•

அறந்தாங்கி
1.12.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஸலாம். உங்கள் முதுகு நலமானது சந்தோஷம். மழையில் எனக்கு மூட்டுவலி, வேறொன்றும் இல்லை.

பஸ் ஏறி கந்தர்வக்கோட்டைக்கே போய்ப் பெட்டியை வாங்கி வந்தேன். வசந்தகுமார் முந்திரித் தோப்புக்குப் பக்கத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். காபி கொடுத்தார்.

"எங்க மாப்ள எப்படி இருக்காரு?"

"நல்லாருக்காரு சார்."

"வேலை?"

"இப்ப ஸ்டோர்ல இருக்காரு சார். லேசான வேலதான்."

"தகரம் மடக்குறத விட்டுட்டாரா? யாரக் கேட்டு விட்டாரு?"

"காபி ஆறுது சார்" என்றார். அப்புறம் சிமெண்ட் பற்றியே பேசினார். கூச்சம் என்று நீங்கள் எழுதியது சரிதான். பஸ் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று ஏதோ சொல்ல வந்து, "வாரேன் சார்" என்று போய்விட்டார்.

வீட்டில் திறந்தேன். ஆள் நிற்கிறான். கம்பீரமாக இருக்கிறான். ஆனால் வலது இறக்கை ஓரத்தில் வரிசையாகப் பள்ளம். எலி கடித்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்தீர்களா? ஆரஞ்சுக்கு வழக்கமான மதிப்பெண்ணில் பத்துக் குறைத்துவிட்டேன். கம்பெனியின் தப்பு இல்லை, உங்கள் தப்பு.

மஜீது

•

அறந்தாங்கி
12.12.2024

அன்புள்ள மாப்பிள்ளை சாதிக் பாட்சாவுக்கு,

உங்கள் மீது ஸலாம் உண்டாவதாக. போன கடிதம் வசந்தகுமாரிடம்தான் இருக்கிறது. அவர் இன்னும் கிளம்பவில்லை. இரண்டையும் சேர்த்தே தருவார். முதலாவதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.

எலிப் பல் சின்னது. அந்தப் பள்ளத்தில் என் விரல் நகம் முழுதாக உட்காருகிறது. முன்பு எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கை ஒடிந்து கட்டுப் போட்டு வந்தான். அவனுடைய பேனா மூடி எப்போதும் பல் தடமாக இருக்கும். மற்றப் பிள்ளைகள் "நாயி, நாயி" என்று கேலி செய்தார்கள். அவன் எப்படிப் பேனாவைத் திறக்கிறான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான். அந்தப் பையன் நேற்று ஞாபகத்துக்கு வந்தான்.

ஆகவே இந்த முறை இரண்டு கம்பெனிக்கும் ஒரு புதுப் பரீட்சை வைத்தேன். வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டேன். முதலில் நீலம். இடது கையால் உடம்பைப் பிடித்தால் இறக்கையை இழுக்க ஆளில்லை. இறக்கையைப் பிடித்தால் உடம்பு சுற்றுகிறது. சுவரில் முட்டுக்கொடுத்தேன், வழுக்கியது. வாயில் வைத்தேன். பெயிண்ட் கசந்தது. கடைசிவரை மாறவில்லை. நீலத்துக்குப் பூஜ்யம் போட்டேன்.

அதற்குள் இர்ஃபானா வந்துவிட்டாள். வாயில் விமானத்தோடு என்னைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துண்டைப் பார்த்தாள். மேஜை மேல் இருந்த ஆரஞ்சு ஆளை எடுத்து இறக்கையைத் தடவினாள்.

"எந்தக் கைண்ணே?" என்றாள்.

நான் துண்டை அவிழ்த்தேன்.

"ஏப்ரலுக்கு அப்புறம் வீடியோல மூஞ்சிய மட்டும்தான் காட்டுறாரு. முன்னெல்லாம் சோத்துத் தட்டத் தூக்கிக் காட்டுவாரு. இன்னைக்கு நான் ஆக்குனது, பாரு பாருன்னு. இப்ப போன எங்கயோ சாச்சு வச்சுட்டுப் பேசுறாரு. நான் கேக்கலை. கேட்டா சொல்லிட்டார்னா என்ன செய்யிறதுன்னு கேக்கலை."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஆரஞ்சு ஆளைத் தன் அறைக்கு எடுத்துப்போய்விட்டாள்.

இதற்கு நீங்கள் பதில் எழுதியே தீர வேண்டும் என்று இல்லை. பரீட்சை முடிவைத் தெரிவித்தேன். அவ்வளவுதான். அலமாரியின் காலித்தட்டு அப்படியே இருக்கிறது.

மஜீது

•

ஷார்ஜா
14.1.2025

மச்சானுக்கு ஸலாம்.

இது என் இடது கை எழுத்து. ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை எழுதுன மாதிரி இருக்கும். மார்க் கொறைக்காதீங்க.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வாரம் நடந்துச்சு. தகரம் மடக்குற மெஷின்ல. வலது கட்டைவிரலும் அடுத்த ரெண்டு விரலும் போச்சு. கம்பெனி வைத்தியம் பாத்துச்சு. ஸ்டோர்ல உக்கார வச்சிருக்காங்க. லீவு தரலைங்கிறது பொய். நான் கேக்கலை. முடிவா எழுதிக் குடுத்ததையும் திருப்பி வாங்கிட்டேன். வசந்தகுமார சத்தியம் வாங்கித்தான் அனுப்புனேன், அவர் மேல கோவப்படாதீங்க.

ஏன் வரலைன்னு இந்தத் தடவ நீங்க கேக்கலை. நானே சொல்றேன். பெருநாள் தொழுது முடிச்சதும் எல்லாரும் கை குடுப்பாங்க. அப்புறம் சஹன்ல உக்காரணும். இடது கைய எந்தத் தட்டுல மச்சான் வைக்கிறது? எம் பக்கத்துல யாரு உக்காருவா? கறியப் பிச்சு வைக்கிறேன்னு சொன்னேனே, அவகிட்ட என்னத்தச் சொல்றது? இத எழுதி முடிக்கவே ஒரு நாள் ஆச்சு.

அன்னைக்கு அந்த ஆரஞ்ச வாயில கடிச்சு இழுத்து, அது ஆளா நின்னதும் சாப்பிடப் போகாம அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒங்களுக்கு அனுப்பணும்னு மட்டும்தான் இருந்துச்சு.

நீலப்பெட்டில ஆளாக்குனா ஒரு வால் துண்டக் கழட்டித் தனியா வைப்போமே. அது இப்ப எங்க கெடக்குன்னு பாருங்க. நான் அந்தத் துண்டு மச்சான்.

சாதிக்

•

அறந்தாங்கி
5.2.2025

என் அருமை மாப்பிள்ளை சாதிக் பாட்சாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உங்களுக்கு. உங்கள் கை இப்போது வலிக்கிறதா? குளிர்காலத்தில் இழுக்கும் என்கிறார்கள். அதை முதலில் எழுதுங்கள். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை இர்ஃபானா இரண்டு முறை வாசித்தாள், ஒரு முறை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வால் துண்டு அலமாரியில் காலித்தட்டில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு துண்டைக்கூட நான் தொலைத்ததில்லை.

கை கொடுப்பது: இடது கையை நீட்டுங்கள். நான் முதல் ஆளாக நிற்கிறேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் எந்தக் கை என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

சஹன்: பள்ளிவாசல் அஜ்ரத்திடம் பேரைச் சொல்லாமல் கேட்டேன். முடியாதவர் முடிகிற கையால் சாப்பிடுவதில் குற்றமே இல்லை என்றார். பேரைக் கேட்காமலே, "வரச் சொல்லுங்க சார்" என்றார். எங்கே உட்காருவது என்பது கணக்குதான். வகுப்பில் இடதுகைப் பிள்ளைகளை எப்போதும் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைப்பேன். நடுவில் உட்கார்ந்தால் அவர்கள் முழங்கை பக்கத்துப் பிள்ளையை இடிக்கும், சண்டை வரும். ஓரத்தில் வைத்தால் இடமே இடம். நீங்கள் எனக்கு இடது பக்கம் உட்காருங்கள், உங்களுக்கு இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு வைப்போம். கறியை இம்முறை நான் பிய்க்கிறேன். அதில் குறை சொல்லும் உரிமை உங்களுக்கு.

இனி இர்ஃபானா சொன்னது. அந்த ஆரஞ்சு ஆள் ஏழு வாரமாக அவளிடம்தான் இருந்தான். போன வெள்ளிக்கிழமை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, கடிச்ச தடம் ஒரு இறக்கையிலதான் இருக்கு. அப்ப இன்னொரு இறக்கை எப்படித் தொறந்துச்சு?"

ஆளை விமானமாக்கிவிட்டு, முந்தானையால் தன் வலது கையை இடுப்போடு கட்டிக்கொண்டாள். அதை மடியில் வைத்து முழங்கால் இடுக்கில் மூக்கைச் செருகிக்கொண்டு, இடது கையால் ஒரு இறக்கையை இழுத்தாள். கடக் என்றது. மற்ற இறக்கை தானாக விலகி வந்தது. உள்ளே இரண்டையும் சேர்த்து ஒரு பல்சக்கரம் வைத்திருக்கிறான். உங்களுக்கும் எனக்கும் எப்போதும் இரண்டு கை இருந்தது, இரண்டு இறக்கையையும் சேர்த்தே இழுத்தோம். அதனால் இது நமக்குத் தெரியாமலே போனது. பல்லில் பிடித்த அன்று நீங்கள் வலியில் கவனிக்கவில்லை. தோள் இரண்டு சத்தம், இடுப்பு ஒரு சுற்று. முடிந்தது. என்னைவிட வேகமாக மாற்றுகிறாள். "கணக்கு வாத்தியாருக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டாள்.

ஆரஞ்சுக்கு நூறு போட்டுவிட்டேன். நீங்கள் மார்ச்சில் எழுதிய எண்பதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய கேள்வியையும் அவளிடம் கேட்டேன். அது விமானமா, ஆளா? "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கேண்ணே. கையும் காலும் இறக்கையும் எங்கிட்டு எங்கிட்டோ நீட்டிக்கிட்டு. அத எவனும் பெட்டில படம் போடுறதில்லை. அவரு இப்ப அங்கதான் நிக்கிறாரு. எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்க, மிச்சத்த இங்க வச்சு மாத்திக்கலாம்" என்றாள்.

நோன்பு பிறக்க இன்னும் ஒரு மாதம் கூட இல்லை. திருச்சி விமான நிலையத்துக்கு அவளும் வருகிறாள். இந்தக் கடிதத்தை வசந்தகுமாரின் தம்பி கொண்டுவருகிறார். இனி யார் கையிலும் பதில் பெட்டி எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
அப்துல் மஜீது

பி.கு. உங்கள் கட்டில் பக்கத்தில் இருக்கும் விமானத்தை எடுத்து, மூக்கை முழங்கால் இடுக்கில் பிடித்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் ஒரு இறக்கையை மட்டும் உங்கள் பக்கமாக இழுத்துப் பாருங்கள்.